கறிக்கடை வால்டா துப்பிய ஒயின்

வால்டா ஃபோர்ட்டேன் நாற்பத்தாறு வயது வரைக்கும் ஒயினை வாயில் வைத்ததில்லை. அதற்கப்புறம் வைத்தாள்; வைத்ததையெல்லாம் துப்பினாள். தென்னாப்பிரிக்காவின் வெலிங்டனில் அவள் கறிக்கடைக்கு நேர் எதிரே டயர் கடை வைத்திருப்பவன் நான். பெயர் நெவில். அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அதனால் மற்றவர்கள் அவளைப் பற்றிச் சொல்வதைவிட நான் சொல்வதில் கொஞ்சம் உண்மை அதிகம் இருக்கும்.

அவள் கடைக்குப் போனால் நாம் கேட்ட கறி கிடைக்காது. அவளுக்கு எது சரியென்று படுகிறதோ அதுதான் கிடைக்கும். "ஞாயித்துக்கிழமைக்கா? மாமியார் வராங்களா? அப்ப கால் வேணாம், தோள்பட்டை எடுத்துட்டுப் போ. மெதுவா வேகவை, அவங்களுக்குப் பல்லு இல்ல" என்பாள், வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படி. லாரியில் ஆடு வந்து இறங்கினால் முகர்ந்து பார்ப்பாள். "இது மழையில நனைஞ்சு வந்த ஆடு. திருப்பி எடுத்துட்டுப் போ." லாரிக்காரன் வாதாடிப் பார்ப்பான். அவள் கணவர் டென்வர் உள்ளே போய் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த மூக்கோடு வாதாடிப் பயனில்லை என்பது அவருக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது.

அந்த மூக்குக்கு ஒரே ஒரு வாசனை ஆகாது. அது ஒயின்.

அவள் அப்பா தாவீது திராட்சைத் தோட்டத்தில் கூலி. அந்தக் காலத்தில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்தார்கள். விடிவதற்கு முன்னால் ஒரு தகரக் குவளை, வேலைக்கு நடுவில் ஒன்று, மத்தியானம் ஒன்று, மாலையில் இன்னொன்று. வெள்ளிக்கிழமை ஆனால் அவரால் வீடு வரைக்கும் நடந்து வர முடியாது. மூத்த மகள் ராகேல்தான் பக்கத்து வீட்டுத் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டு போய் அவரை ஏற்றிக்கொண்டு வருவாள். சின்னவள் வால்டா அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். தெருவே பார்க்கும். நானும் பார்த்திருக்கிறேன். வால்டாவுக்குப் பதினோரு வயதாகும்போது அவர் ஈரல் கெட்டுச் செத்துப்போனார்.

ராகேல் பழங்களை டின்னில் அடைக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போய்த் தங்கையை வளர்த்தாள். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவாலயத்தில் குடியை விட்டவர்களுக்கென்று ஒரு கூட்டம் தொடங்கி, வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக அதை இன்றுவரை நடத்துகிறாள். அவள் வீட்டு வாசலை எந்தப் பாட்டிலும் தாண்டியதில்லை. வால்டாவின் கல்யாணத்தில் இஞ்சி பானம்தான் ஊற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வால்டா ஒரு மார்ச் மாதம் ஆட்டுக்கறியை வேனில் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து ஒயின் பண்ணை ஒன்றுக்குப் போனாள். அறுவடை முடிந்ததற்கு அங்கே விருந்து. வழக்கமாக டென்வர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். அன்று அவருக்கு முதுகுப் பிடிப்பு. பண்ணையில் ஒயின் தயாரிப்பது ஆனலீஸ் என்கிற பெண். முப்பது வயதிருக்கும், பெரிய பண்ணைக் குடும்பத்துப் பெண், ஆனால் கையெல்லாம் திராட்சைக் கறை. பீப்பாய் அறையில் மேஜைமேல் சில கண்ணாடிக் கோப்பைகளை வரிசையாக வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். வால்டா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி வால்டா, உள்ள வாங்க. இந்தத் தோள்பட்டையை எவ்வளவு நேரம் சுடணும்னு சொல்லிட்டுப் போங்க."

"இங்கேருந்தே சொல்றேன்" என்றாள் வால்டா. சொல்வதற்காகக் கைக்குட்டையை எடுத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "யாரு கொய்யாப்பழம் அறுக்கறது? இன்னும் சீசனே வரலையே?"

ஆனலீஸ் சிரித்தாள். "கொய்யா எதுவும் இல்ல ஆன்ட்டி. இந்தக் கோப்பைதான். புது ஷெனின், வெள்ளை ஒயின்."

வால்டா நம்பவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து முகர்ந்தாள். கோப்பையை விட்டு நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். பிறகு கேட்டாள்: "இதுல எங்கப்பா வாசனை இல்லையே?"

ஆனலீஸ் அந்தக் கோப்பையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அதற்காகவே பின்னாளில் வால்டாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. வால்டா கேட்டாள்: "அப்ப எங்கப்பா மாதிரி கூலிங்களுக்கு என்னத்தை ஊத்தினாங்க?"

"கடைசிப் பிழிசல். விக்க முடியாததை."

அன்று வால்டா வேனை நேராகத் தன் கடைக்கு விடவில்லை. என் கடை வாசலில் நிறுத்தினாள். நான் ஒரு பஸ் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து அடுக்கி வைத்திருந்த டயர்மேல் உட்கார்ந்தாள்.

"நல்லதை அவங்க வெச்சுக்கிட்டாங்கடா, நெவில்" என்றாள்.

"யாரு? எதை?"

"எங்கப்பா ஆயுசு பூரா அந்தக் கொடிய வெட்டினாரு, கட்டினாரு, பழம் பறிச்சாரு. அதுலேருந்து என்ன வந்துச்சுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. சாக்கடையைக் குடிச்சுட்டு செத்துப்போனாரு." அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எனக்குத் தெரியணும். அது என்னன்னு முழுசாத் தெரியணும்."

வால்டா ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் அப்புறம் ஊரில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லது. சனிக்கிழமை மத்தியானம் கடையை மூடியதும் மலையேறினாள். கையில் ஒரு பொட்டலம் ஆட்டு விலாக்கறி. ஆனலீஸ் அதைச் சுடுவாள், பாடமும் சொல்லிக்கொடுப்பாள். முதலில் கற்றுக்கொடுத்ததே துப்புவதற்குத்தான். கோப்பையைச் சுழற்றி முகர வேண்டும். ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் படும்படி உருட்டி, கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்துவிட்டு, துப்பிவிட வேண்டும். ஒயினை அறிந்தவர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேட்டபோது வால்டாவுக்கு ஏதோ ஒரு கதவு திறந்தது போலிருந்ததாம். "குடிக்காமலே அதைத் தெரிஞ்சுக்க முடியும்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்றாள் என்னிடம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் கடையில் கறி வாங்கப் போனவர்களுக்கு ஒயின் பாடமும் சேர்த்துக் கிடைத்தது. கம்பியில் படராமல் புதர்போலத் தனியாக நிற்கிற பழைய ஷெனின் கொடிகள் காய்ப்பது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் தேனும் இருக்கும், உப்பும் இருக்கும், காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்தால் வருகிற வாசனையும் இருக்கும் என்பாள். சின்ஸோ என்கிற சிவப்பைக் கோடையில் குளிரவைத்துச் சுட்ட ஸ்னூக் மீனோடு வைக்க வேண்டும் என்பாள். "அரைக் கிலோ கைமா போதும் வால்டா" என்று கெஞ்சுவார்கள். "கைமாவுக்கு ஷிராஸ்" என்பாள்.

பிறகு ஒயின் ருசி பார்க்கிற கழகம் ஒன்று தொடங்கினாள். வியாழக்கிழமை சாயங்காலம், கறிக்கடையின் பின்னறையில். அங்கே கொத்தமல்லியும் கிராம்பும் போட்டு சாசேஜ் செய்வதால் எந்த ஒயினை முகர்ந்தாலும் சாசேஜ்தான் வந்தது. என் கடைக்கு மாற்றினோம்; அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் பியூலாவின் கார் ஷெட்டில் நிலைத்தோம். அவள் நர்ஸ் என்பதால் ஷெட்டைக்கூட டெட்டால் போட்டுக் கழுவி வைத்திருந்தாள். அந்த வாசனை போக ஒரு மாதமாயிற்று.

முதல் நாள் பியூலா துப்ப மாட்டேன் என்றாள். "காசு குடுத்து வாங்கினதைத் துப்பறதா? எங்கம்மா கேட்டா கல்லறையிலேருந்து எழுந்து வந்து அறைவா!"

"துப்பலைன்னா கோப்பை கிடையாது" என்றாள் வால்டா. "இங்க நாம குடிக்க வரல. குடிக்கத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல ஏற்கெனவே போதுமான அளவு இருக்காங்க."

பியூலா துப்பினாள். வாளியில் விழவில்லை, என் செருப்பில் விழுந்தது.

அன்று வைத்த பினோட்டாஜ் என்கிற சிவப்பை நான் முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு டயர் எரிஞ்ச வாசனை வருது" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "போய்க் கையக் கழுவிட்டு வாடா" என்றாள் வால்டா. எலுமிச்சை சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தேன். அப்போதும் டயர்தான். அந்தச் சனிக்கிழமை அவள் மலையிலிருந்து இறங்கி நேராகத் தெருவைத் தாண்டி என்னிடம் வந்தாள். "நீ சொன்னது சரிதானாம். சில பாட்டில்ல அந்தக் குறை இருக்குமாம், ஆனலீஸ் சொன்னா. ஆனா அதுக்காக ஒவ்வொரு வாரமும் டயர் டயர்னு சொல்லிட்டு உக்காராத."

விஷயம் ராகேல் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு சனிக்கிழமை காலை, கடையில் கூட்டம் நிரம்பி வழியும் நேரம், ராகேல் வந்து நின்றாள். வரிசை தானாகவே விலகியது.

"நான் கேள்விப்பட்டது நெசமா?"

"நெசம்தான் அக்கா."

"தள்ளுவண்டி மறந்துபோச்சா உனக்கு?"

வால்டா கத்தியைக் கீழே வைத்தாள். "மறக்கல. தொப்பியப் பிடிச்சுட்டு வந்தவ நான்தான்."

"அப்புறம் எப்படி அந்த எழவை உன்னால தொட முடியுது?"

"அது வேற, இது வேற அக்கா. அவருக்கு ஊத்தினது வேற. அப்பாவைக் கொன்னது திராட்சை இல்ல."

"என்கிட்ட இந்தப் படிச்ச பேச்செல்லாம் வேணாம்" என்றாள் ராகேல். "அவரு வாயிலேருந்து வழிஞ்சதைத் துடைச்சவ நான். நீ சின்னவ, ஒனக்குத் தெரியாது." திரும்பினாள். வாசலில் நின்று, "இனிமே எனக்கு இங்கேருந்து கறி வேணாம்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்காக பஸ் ஏறிப் பக்கத்து ஊரான பார்ல் வரைக்கும் போய் வாங்கி வந்தாள். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டுக்கு வருவதும் நின்றது. டென்வர் பழக்கத்தில் மேஜையில் அவளுக்கும் தட்டு வைப்பார். வால்டா அதை எடுத்து அலமாரியில் வைப்பாள். அவள் வருத்தம் எனக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டேன்: "கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாமே?"

"எதுக்கு? நான் தப்புப் பண்ணினா நிறுத்தலாம். அவ தப்புன்னு நினைக்கிறதுக்காக எப்படி நிறுத்தறது?" என்றாள். "என் அக்கா பிடிவாதக்காரி. ஆனா அவளை விட நான் பிடிவாதக்காரி. என்னை வளர்த்தது அவதான."

அக்காள் தங்கை பேச்சில்லாமல் கோடை வந்தது. அப்போதுதான் லாரி ஓட்டுகிற க்ளைவ் கழகத்துக்கு வந்தான். டென்வரின் சிநேகிதன். நல்ல மனிதன், வாய் நிறைய சிரிப்பு. முதல் கோப்பையைச் சுழற்றினான், முகர்ந்தான், வாயில் ஊற்றினான், விழுங்கினான்.

"துப்பு க்ளைவ்."

"நல்லா இருக்கே! மனசு வரல."

இரண்டாவதையும் விழுங்கினான். மூன்றாவதில் வாளி இருக்கிற பக்கமே பார்க்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. கண் மேஜையில் இருந்த பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தது. பியூலா பேச்சு சுவாரசியத்தில் தன் கோப்பையைக் கீழே வைத்தபோது அவன் கை அதற்குப் போயிற்று. நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்க்காதது போல இருந்தோம். எங்கள் ஊரில் எல்லாருக்கும் அந்தக் கை தெரியும். எல்லார் வீட்டிலும் ஒரு காலத்தில் அது இருந்திருக்கிறது.

வால்டா அவன் கைமேல் தன் கையை வைத்தாள். "க்ளைவ், இது உனக்கு ஆகாதுப்பா" என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். "தெரியும் ஆன்ட்டி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

அவள் வெளியே போய் போனை எடுத்தாள். ஷெட் கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"அக்கா, நான்தான். வெச்சிடாத. இங்க ஒருத்தர் இருக்காரு. என்னால ஆகாது. உன்னாலதான் ஆகும்."

ராகேல் நடந்தே வந்தாள். தங்கை முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் மேஜையையும் பார்க்கவில்லை. க்ளைவின் தோளைத் தொட்டு, "வா தம்பி, வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம்" என்றாள். அவ்வளவு பெரிய ஆள் குழந்தை மாதிரி எழுந்து அவள் பின்னால் போனான். அன்றைக்கு அதற்குமேல் யாரும் எதையும் ருசி பார்க்கவில்லை. வால்டா மீதியிருந்த பாட்டில்களுக்குக் கார்க்கை அழுத்தி மூடினாள்.

அடுத்த வியாழக்கிழமை நாங்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ராகேல் மறுபடி வந்தாள். கூட்டத்தில் அணிகிற அதே வெள்ளைச் சட்டை. கதவோரம் இருந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நடத்துங்க, நான் பாக்கணும்" என்றாள்.

போலீஸ் பார்க்கும்போது வண்டி ஓட்டுவது மாதிரி இருந்தது. யாருக்கும் வாசனை வரவில்லை. பியூலாவுக்குக் காற்றை உள்ளே இழுக்கும்போது இருமல் வந்தது. வால்டா மட்டும் வழக்கம்போலச் சுழற்றினாள், முகர்ந்தாள், ஒரு வாய் எடுத்தாள், துப்பினாள், "ஆப்ரிகாட், கொஞ்சம் காஞ்ச வைக்கோல், முடிவுல எலுமிச்சைத் தோல். நல்ல ஒயின். இன்னும் மூணு வருஷம் வெச்சா இதைவிட நல்லா இருக்கும்" என்றாள். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் ராகேல் எழுந்து வந்தாள். வாளிக்குப் பதிலாக இப்போது ஒவ்வொருவர் முன்னாலும் வைத்திருந்த துப்பும் குவளையைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். என் முன்னால் நின்றாள்.

"நெவில், உனக்கு ஊத்தினது இவ்வளவு. இதுல இருக்கிறது இவ்வளவு. மிச்சம் எங்க?"

"கொஞ்சம் நாக்குல ஒட்டும் அக்கா."

"எவ்வளவு பெரிய நாக்குடா உனக்கு!"

பியூலாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் டென்வர். வால்டா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மேஜையில் முகத்தை வைத்துக்கொண்டாள். ராகேல் சிரிக்கவில்லை. "அடுத்த வாரமும் வருவேன்" என்றாள். "யாராவது பாத்துக்கணும்ல."

அன்றிலிருந்து துப்பும் குவளைகளுக்கு அவள்தான் அதிகாரி. ஒரு சொட்டு ஒயினை அவள் ருசி பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். "எனக்கு இது பிடிக்கல, பிடிக்கப்போறதும் இல்ல" என்று மாதம் ஒரு தடவையாவது சொல்வாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கறி வாங்க பார்லுக்குப் போகவில்லை. தங்கை வீட்டில் வந்து உட்கார்ந்து, "அந்த ஊர் ஆடெல்லாம் செருப்பு மாதிரி" என்றபடி இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். க்ளைவ் அவளுடைய கூட்டத்தில் சேர்ந்தான். நடுவில் இரண்டு முறை விழுந்தான், எழுந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். வால்டா கடைக்கு ஆடு கொண்டுவருகிற லாரி அவனுடையதுதான். அவள் மழையில் நனைந்த ஆட்டை அவனிடமும் திருப்பித்தான் அனுப்புகிறாள்.

அதற்கடுத்த வருஷம் எங்கள் பள்ளத்தாக்கில் இருக்கிற ஒயின் கழகங்களுக்கெல்லாம் டவுன் ஹாலில் ஒரு போட்டி வைத்தார்கள். பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். எந்தத் திராட்சை என்று சொல்ல வேண்டும். வால்டா, பியூலா, நான் போனோம். மற்ற மேஜைகளில் டாக்டர்கள், வக்கீல்கள், கேப் டவுனிலிருந்து இங்கே வீடு வாங்கிக்கொண்டு வந்தவர்கள். வால்டா தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "இந்த ஒயினைச் செஞ்சதுல நம்ம ஜனங்க கை படாத கொடி எதாவது இருக்கா? அப்புறம் எதுக்குப் பயம்?" என்று எங்களை நடுவில் இருந்த மேஜைக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

ஷெனினைச் சரியாகச் சொன்னோம். ஷிராஸையும் சொன்னோம். மூன்றாவது ஒரு சிவப்பு. பியூலா சின்ஸோ என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது, டயர் வரவில்லை. வால்டா தலையை ஆட்டினாள். "பினோட்டாஜ். சந்தேகமே வேணாம். எழுது."

"வால்டா, எனக்கென்னவோ..."

"எழுதுடா."

எழுதினேன். துணியை எடுத்தார்கள். சின்ஸோ. பினோட்டாஜ் என்பதே சின்ஸோவையும் இன்னொரு திராட்சையையும் சேர்த்து உண்டாக்கிய பிள்ளைதான். வால்டா ஒரு நொடி அந்தப் பாட்டிலையே பார்த்தாள். பிறகு ஹால் முழுக்கக் கேட்கும்படி, "அம்மாவைப் பாத்து மகள்னு சொல்லிட்டேன். அவ்வளவு இளமையா இருந்தா நான் என்ன பண்றது?" என்றாள். பக்கத்து மேஜை டாக்டர் சிரித்ததில் அவர் வாயிலிருந்த ஒயின் அவர் சட்டைமேல் போயிற்று.

ஒன்பது கழகங்களில் ஆறாவதாக வந்தோம். முதல் பரிசு டாக்டர் மேஜைக்கு, நன்றாகத்தான் செய்தார்கள். அவர்களுக்கு எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது வால்டா. பார்வையாளர் வரிசையில் இருந்த ராகேல் மட்டும் வெளியே வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்: "அந்த டாக்டர் பாதியைத் துப்பவே இல்ல. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

இந்த வருஷம் ஒரு பண்ணையின் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வால்டாவைப் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே இருக்கிற இளசுகள் சிலருக்கு ஒயின் கூடங்களில் வேலைக்குப் போக ஆசை, ருசி பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்றார்கள். "தனியா வரமாட்டேன்" என்றாள் வால்டா. அக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். நான்தான் வண்டி ஓட்டினேன்.

முதலில் ராகேல் பேசினாள். குடி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்ததை, எதையும் மறைக்காமல் சொன்னாள். அந்தச் சின்னக் கூடத்தில் பின்வரிசையில் இருந்த கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் முடித்ததும் வால்டா எழுந்து, "எங்க அக்கா சொன்னது அத்தனையும் நெசம். அந்தக் குடிப் பழக்கம் தன்கிட்ட இருக்குன்னு யாருக்குப் படுதோ அவங்க அக்கா பக்கம் போய் உக்காருங்க, வெக்கமே வேணாம். மத்தவங்க இங்க வாங்க. மொதல்ல துப்பக் கத்துக்கலாம்" என்றாள்.

மூன்று பேர் எழுந்து ராகேல் பக்கம் போனார்கள். அதில் ஒருத்தி இருபது வயதுப் பெண். ராகேல் தன் பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டாள். மற்றவர்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். வால்டா ஊற்றினாள், முகரச் சொன்னாள், "அவசரப்படாதீங்க, ஒயின் எங்கயும் ஓடிடாது" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் சண்டை.

"அரைமணி நேரம்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் பேசினியே அக்கா?"

"பேசறதுக்கு எனக்கு நிறைய இருந்தது. உனக்கு என்ன, ஊத்தறதும் துப்பறதும்தானே."

"அதுலதான் நுணுக்கமே இருக்கு."

"என்ன பெரிய நுணுக்கம்? மாடு கூடத்தான் தண்ணியைத் துப்பும்."

"மாடு துப்பாது அக்கா. நான் கறிக்கடைக்காரி, எனக்குத் தெரியும்."

"நெவில், மாடு துப்புமா துப்பாதா?"

எதிரே பெர்க் ஆற்றுப் பாலம் வந்தது, வேகத்தைக் குறைத்தேன். பின்னால் இருவரும் அடுத்த குடியிருப்புக்கு எப்போது போகலாம் என்று நாள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.